நான்கு ராஜாக்களும் ஒரு ஷட்டரும்

காலை ரயிலில் என் ஜன்னலோரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது, அதற்காகச் சொல்கிறேன். வண்டி மாரிகுப்பத்தில் காலியாகப் புறப்படும். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் குடியிருப்பிலிருந்து விறுவிறுவென்று நடந்து வந்து முதல் ஆளாகப் பெண்கள் பெட்டியில் ஏறி, பங்காருபேட்டையில் எந்தப் பக்கம் பிளாட்பாரம் வருமோ அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன் என்றால், பெங்களூரு வரை அது என் சொத்து. பல வருடமாக அப்படித்தான். வீட்டில்கூட எனக்கென்று அவ்வளவு உறுதியான ஓர் இடம் கிடையாது.

எங்கள் பெட்டியில் நான்கு செட்டு. ஏறுகிற ஊரை வைத்துச் சேர்ந்த கூட்டத்துக்கு எங்கள் வண்டியில் செட்டு என்றுதான் பெயர். மாரிகுப்பம் செட்டு எங்களுடையது. அடுத்து ஊரிகம் செட்டு, பிறகு பங்காருபேட்டை செட்டு, கடைசியாக மாலூர் செட்டு. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பெரிய மனுஷி உண்டு. எங்களுக்கு ஒரு பெரியக்கா, பெங்களூரில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஊரிகத்துக்கு ஒரு டீச்சர். பங்காருபேட்டைக்கு ஓர் ஆன்ட்டி. மாலூருக்கு ஒரு நர்ஸம்மா. யார் எங்கே உட்காருவது, யாருக்கு எது வரை இடம், கர்ப்பிணி ஏறினால் எந்தச் செட்டு எழுந்திருப்பது என்று எல்லாம் இந்த நால்வர் சொல்வதுதான். யாரும் ஓட்டுப் போட்டு வைத்ததில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

இதில் எங்கள் செட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் கூட்டம் அலைமோதும். வண்டி நிற்பதற்கு முன்பே கூடவே ஓடிவந்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கைக்குட்டையோ துப்பட்டாவோ போட்டு இடம் பிடிப்பார்கள். துணி விழுந்த இடம் துணிக்காரருக்கு. வண்டி முழுக்க ஒப்புக்கொண்ட சட்டம் அது. அதனால் பிளாட்பாரம் கண்ணில் பட்டதும் எங்கள் பக்கத்து ஷட்டரை இறக்கிவிடுவோம். வண்டி நின்று எல்லோரும் ஏறிய பிறகு தூக்கிக்கொள்வோம். ஜன்னலோரம் உட்காருகிறவள் நான் என்பதால் ஷட்டர் போடுவது என் வேலை.

இரும்பு ஷட்டர். இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். ஒரு கையால் ஆகிற காரியமில்லை.

பெங்களூரில் நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. பழைய அகராதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒரு சின்ன அலுவலகம். ஒருவர் டைப் அடிப்பார். அடித்தது அசல் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று நான் எழுத்து எழுத்தாகப் பார்ப்பேன். அப்போது எங்கள் மேஜைக்கு ஒரு கிரேக்க அகராதி வந்திருந்தது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். எழுத்தின் தலையில் சாய்கோடா, வளைகோடா என்று தெரியும். அர்த்தம் பக்கத்திலேயே இங்கிலீஷில் இருக்கும். தினம் ஒரு வார்த்தையை மனசில் போட்டுக்கொண்டு வந்து மறுநாள் ரயிலில் எடுத்துவிடுவேன். பெரியக்காவுக்கு அது காலை காபி மாதிரி. "இன்னாடி, இன்னிக்கி இன்னா வார்த்த?" என்று கேட்டபடிதான் பையை மடியில் வைப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கொண்டுவந்த வார்த்தை ஃபூலோபசிலெயுஸ். ஃபூலே என்றால் குலம், பசிலெயுஸ் என்றால் அரசன். குலத்துக்கு ராஜா. ஏதென்ஸ் நகரத்தில் ஆதியில் நான்கு குலங்கள் இருந்தன, குலத்துக்கு ஒரு ராஜா வீதம் நான்கு ராஜாக்கள், எல்லோரும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னேன்.

"நாலு பேரா?" என்றாள் பெரியக்கா. "அப்ப நம்ம பொட்டிதான் அது. நான் மாரிகுப்பத்து ராஜா. டீச்சர் ஊரிகத்து ராஜா. அந்தப் பேர இன்னொரு தபா சொல்லு, வாய்ல நிக்கல."

எல்லோரும் ஆளுக்கொரு விதமாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு ராஜா என்றால் ஃபூலோபசிலெயுஸ், பலர் என்றால் ஃபூலோபசிலெய்ஸ் என்று வரும், கடைசி எழுத்தின் தலையில் கோடு வளைந்துவிடும், பழைய கல்வெட்டுகளில் அந்த முடிவே வேறு மாதிரி இருக்கும் என்றெல்லாம் நான் கைவிரலால் காற்றில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் எனக்குத் தலைகால் புரியாது. பேச்சு சுவாரசியத்தில் பங்காருபேட்டை வந்ததையே கவனிக்கவில்லை. "ஏய், ஷட்டரு!" என்று யாரோ கத்தினார்கள்.

திரும்பினேன். பிளாட்பாரம் வந்துவிட்டிருந்தது. ஒரு பெண் வண்டியோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். புதுமுகம். கம்பி வழியாக இடது கையை உள்ளே விட்டு, மஞ்சள் துப்பட்டாவை என் எதிர் இடத்தில் போட எட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையாலும் கொக்கியை அமுக்கினேன்.

அந்தக் கையை நான் பார்த்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. கை கம்பிக்குள் இருந்ததைப் பார்த்தேன், மோதிர விரலில் மெல்லிசாக ஒரு மோதிரம் இருந்தது வரை பார்த்தேன். எடுத்துவிடுவாள் என்று நினைத்தேனா, எடுக்காவிட்டால் நசுங்கட்டும் என்று நினைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நம் இடத்தில் துணி போட வந்துவிட்டாளே என்ற எரிச்சல் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் கத்தியது வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஷட்டரைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. பெரியக்காதான் எட்டித் தூக்கினாள். வண்டி நின்றது. இரண்டு விரல் நசுங்கி, துப்பட்டாவெல்லாம் ரத்தம். பங்காருபேட்டை ஆன்ட்டி அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "யாரு போட்டது? யாரு போட்டது?" என்று எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கூச்சலிட்டாள். ரயில்வே போலீஸ் அம்மா ஒருத்தியும் ஓடிவந்தாள்.

"யாரும் போடல. தானா வுழுந்துச்சி," என்றாள் பெரியக்கா. குரல் நடுங்கவே இல்லை. "பழைய வண்டி. யாரும் தொடல."

எங்கள் செட்டில் ஒவ்வொருத்தியும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். வண்டி கிளம்பிய பிறகு, நடந்ததைச் சொல்லலாம் என்று பெரியக்காவின் காதருகே குனிந்தேன். அவள் என் வாயைப் பொத்தாத குறை. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்," என்றாள்.

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, தானாக விழுந்தது என்கிற பேச்சு புதிதல்ல. அப்பா தங்கச் சுரங்கத்தில், நிலத்துக்கடியில் வேலை செய்தவர். ஒரு ஷிப்டில் பாறை வெடித்து வலது காலில் பாதியை இழந்தார். யார் தப்பும் இல்லை, கல் விழுந்தது. அது உண்மையாகவே அப்படித்தான். ஆனால் கல்லோடு சண்டை போட முடியாது என்பதால் அப்பா சாகும்வரை வீட்டில் எங்களோடு சண்டை போட்டார். சோற்றில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். யாராவது ஒரு மனுஷன் கையைக் காட்டி இவன்தான் என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்குமோ என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் அந்த ராஜா வார்த்தை இருந்த பக்கம் என்னிடம் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை நான் சரிபார்த்து முடித்ததில் தப்பு இருந்ததாம். பன்மையில் வளைகோடு போட வேண்டிய இடத்தில் சாய்கோடு விழுந்திருந்தது, நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அதைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் பதிவின் மிச்சத்தை முழுதாகப் படித்தேன். பின்னால் நகரத்தில் குலங்களை மாற்றியமைத்துப் பத்தாக்கியும் இந்தப் பழைய நான்கு ராஜாக்களை எடுத்துவிடவில்லை. பூசைக் காரியங்களை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு விசாரணை மன்றம். அங்கே அவர்கள் விசாரித்தது மனிதர்களை அல்ல.

ஒரு கல்லோ மரமோ இரும்போ விழுந்து ஓர் ஆள் செத்துப்போய், செய்த கை யாருடையது என்று தெரியாவிட்டால், அந்தப் பொருளைக் கொண்டுவந்து முன்னால் வைத்து இந்த ராஜாக்கள் விசாரிப்பார்கள். குற்றம் உறுதியானதும் அந்தப் பொருளை நாட்டு எல்லைக்கு வெளியே எறிந்துவிடுவார்கள். அத்தோடு ஊர் சுத்தமாகிவிடும்.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்னவென்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். வளைகோட்டைத் திருத்திவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

வியாழக்கிழமை எங்கள் பெட்டியில் விசாரணை நடந்தது. பங்காருபேட்டை செட்டு சும்மா விடுவதாக இல்லை. இரண்டு நாளாக எங்களோடு முறைப்பு, இடிப்பு, ஜாடைப் பேச்சு. இப்படியே போனால் கைகலப்பாகும் என்று டீச்சர்தான் நால்வரையும் கூட்டினாள். வண்டி தியாகல் ஸ்டேஷனைத் தாண்டியதும் பெரியக்காவும் டீச்சரும் ஆன்ட்டியும் எங்கள் பகுதியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மாலூரில் நர்ஸம்மா ஏறியதும் அவளுக்கு இடம் விட்டார்கள். நான் என் ஜன்னலோரத்திலேயே இருந்தேன். எழுந்திருந்தால் சந்தேகம் வரும் என்று பயம்.

ஆன்ட்டி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பி.காம். முடித்தவள். ஒயிட்ஃபீல்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற முதல் ஆள். விரல் கூடிவிடுமாம், ஆனால் வீட்டில் பெரிய ரகளை. "யாரோ கையால போட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கிட்டே கீது," என்றாள் ஆன்ட்டி.

"வலில அப்படித்தான் தோணும்," என்றாள் பெரியக்கா.

டீச்சர் எழுந்து என் தலைக்கு மேலே கையை நீட்டி ஷட்டரை ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், விழவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அப்போதும் விழவில்லை. நர்ஸம்மா கொக்கியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு பெரியக்காவைப் பார்த்தாள். நால்வருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒருத்தியாக இருந்தால் கேட்டிருப்பாள். நான்கு பேராக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

"லூசாத்தான் கீது," என்றாள் டீச்சர்.

ஆன்ட்டி மற்ற மூவரையும் ஒரு முறை பார்த்தாள். தினம் பயணம் செய்ய வேண்டிய வண்டி. நாளைக்கு அவளுடைய செட்டுக்கும் ஒரு தப்பு நடக்கும், அப்போது எங்கள் பெரியக்காவின் தயவு வேண்டும். கடைசியில், "அப்ப இந்த ஷட்டர் இனிமே எறங்கக் கூடாது," என்றாள்.

அதுவே தீர்ப்பு. யாரோ பையிலிருந்து சிவப்பு நைலான் கயிறு எடுத்துக் கொடுத்தார்கள். பெரியக்கா இருக்கையின் மேல் ஏறி நின்று, அந்த ஷட்டரை மேலேயே நிறுத்திக் கொக்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அந்தப் பெட்டிதான் தினம் வருமா, அந்த ஜன்னல்தான் நாளைக்கும் எனக்கு வாய்க்குமா என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. கட்டி முடித்ததும் டீச்சர் எல்லோருக்கும் கடலை உருண்டை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த உருண்டை இனித்தது.

வெள்ளியும் சனியும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு முழுக்கத் துணி துவைத்தேன்.

திங்கட்கிழமையும் கயிறு கட்டிய அதே பெட்டிதான் வந்திருந்தது. வண்டி பங்காருபேட்டையில் நின்றபோது, கூட்டம் வாசலுக்கு ஓட, ஒரு மனிதர் மட்டும் நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் கிரீஸ் கறை. பின்னால் அந்தப் பெண், இடது கையில் கட்டோடு. வலது கையில் சாப்பாட்டுப் பை வைத்திருந்தாள். வேலைக்குப் போகத் தயாராகத்தான் வந்திருக்கிறாள். ஆனால் அவர் அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"அம்மா, ரெண்டே ரெண்டு நிமிசம் வண்டி நிக்கும். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிடறேன்," என்றார். என்னைத் தனியாகக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்து, எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டார். "எம் பொண்ணு யாரோ கையால போட்டாங்கன்றா. நீங்க எல்லாரும் தானா வுழுந்துச்சின்றீங்க. எது நெசம்?"

"தானாத்தாங்க வுழுந்துச்சி," என்றாள் பெரியக்கா. "பாருங்க, இங்க கட்டிக்கூட வச்சோம். இது இனி எறங்கவே எறங்காது. இனிமே பயமே இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப சரிங்கம்மா. இவள நான் அனுப்பல," என்றார். "மனுசங்க போட்டிருந்தா அனுப்புவேன். மனுசங்கள கேக்கலாம். சண்ட போடலாம். இன்னொரு தபா இப்படிச் செய்யாதீங்கன்னு சொல்லலாம். தானா வுழற இரும்புகிட்ட போயி நான் இன்னான்னு சொல்றது? இன்னிக்கி வெரலு, நாளைக்கி இன்னாவோ. வேலைய வுட்டுடச் சொல்லிட்டேன். நெசம் தெரிஞ்சிக்கணும்னு இவதான் இஸ்துகினு வந்தா."

அந்தப் பெண் ஜன்னலைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களைக் காப்பாற்றுவதற்கென்று சொன்ன பொய் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று நினைத்திருந்தோம். இரும்பின் தலையில் போட்டால் இரும்புக்கு என்ன வலிக்கப் போகிறது? அது நேராகப் போய் அவளுடைய வேலையில் விழுந்திருக்கிறது. அவளுடைய சொந்த அப்பாவே அவளை நம்பாமல் எங்களை நம்பிவிட்டார். பின்னால் கார்டு விசில் ஊதினார். அவர் அவளைத் திருப்பிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"நான்தான் போட்டேன்," என்றேன்.

பெரியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "ஏய், வாய மூடு. போலீசு கேசாவும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் கையை உதறினேன். கம்பியைப் பிடித்து, முகத்தை அதில் அழுத்திக் கத்தினேன். "அண்ணே! நான்தான் போட்டேன். தானா வுழல. அந்தப் பொண்ணு சொல்றதுதான் நெசம்."

அவர் திரும்பி வந்தார். முதலில் கயிற்றுக்குக் கீழே தெரிந்த கொக்கிகளைப் பார்த்தார். கை வேலை செய்கிறவர், பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ரெண்டு கையாலயும் அமுக்கினாதான் எறங்கும் இது."

"ரெண்டு கையாலயும்தான் அமுக்கினேன்."

"கைய பாத்தியா?"

"பாத்தேன்."

என்னை அறைவார் என்று நினைத்தேன். கம்பி குறுக்கே இருந்தது, ஆனாலும் நினைத்தேன். வண்டி அசைந்தது. அவர் மகளின் பக்கம் திரும்பி, "ஏறும்மா. ஓடு," என்றார். அவள் ஓடினாள். பங்காருபேட்டை ஆன்ட்டி வாசலிலிருந்து கையை நீட்டி அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் எங்கள் ஜன்னலோடு பத்தடி நடந்து வந்தார். "நான் வந்து பேசறேன், ஒங்கிட்ட," என்று என்னிடம் சொன்னார். அது மிரட்டல்தான். அவர் குரலில் இருந்த தெம்பும் எனக்குக் கேட்டது.

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நால்வரும் கூடிச் சொன்ன தீர்ப்பை நான் பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி உடைத்திருக்கிறேன். இனி மாரிகுப்பம் செட்டில் எனக்கு இடமில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தாள். கிட்டத்தில் பார்க்கும்போது என்னில் பாதி வயதுகூட இருக்காது போலிருந்தது.

"எதுக்குக்கா?" என்றாள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் எழுந்து, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் காட்டினேன். இதற்குத்தான்.

அவள் அதைப் பார்த்தாள். ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கிற, ஒன்றரை முழ அகலத்துக்கு ஓர் இருக்கை.

"உக்காரும்மா," என்றேன்.

"வேணாம்," என்றாள்.

நானும் உட்காரவில்லை. தியாகலில் கூட்டம் ஏறியது, மாலூரில் இன்னும் ஏறியது. நிற்கவே இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தோம். புதிதாக ஏறிய ஒருத்தி உட்காரப் போனபோது, அதற்குள் ஆன்ட்டியிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டிருந்த நர்ஸம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஒயிட்ஃபீல்டில் அந்தப் பெண் இறங்கும்வரை அந்த ஜன்னலோரம் காலியாகவே வந்தது.